ஸ்கேனருக்கு ஏழாம் நம்பர்

ஸ்கேனரை ஆன் செய்தால் விண்டோஸ் வராது. ஆஃப் செய்தால் விண்டோஸ் வரும், ஆனால் ஸ்கேன் பண்ண முடியாது. 1999இல் மதுரையில் ஒரு டிடிபி கடையிலிருந்து எனக்கு வந்த புகார் இவ்வளவுதான். "ரெண்டுல ஒண்ணுதான் தம்பி வேலை செய்யுது, எதை வச்சுப் பொழைக்கிறதுன்னு நீயே சொல்லு" என்றார் கடை அண்ணாச்சி.

போனபோது ஒரு தாய்மாமன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், கையில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. அக்கா பிள்ளைகளுக்குக் காதணி விழா. மதுரையில் காதணி விழா என்றால் ஊர்ச் சுவரெல்லாம் தாய்மாமன் முகம் இருக்க வேண்டும். அந்த முகம் முதலில் ஸ்கேனருக்குள் போக வேண்டும்.

அப்போது நல்ல ஸ்கேனர்கள் பலவும் ஸ்கஸி கார்டில்தான் ஓடும். கம்ப்யூட்டருக்குள் சொருகி, பல சாதனங்களை ஒரே இணைப்பில் கோர்க்கிற கார்டு அது. இந்தக் கடையில் இருந்தது அடாப்டெக் 2940. ஹார்ட் டிஸ்க், ஸ்கேனர், ஜிப் டிரைவ் (தடித்த ஃப்ளாப்பி மாதிரி டிஸ்க் போடுகிற பெட்டி) மூன்றும் அந்த ஒரே கார்டில் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 7 வரை ஓர் எண் கொடுக்க வேண்டும். ஒருவர் எண் இன்னொருவருக்கு இருக்கக் கூடாது. வரிசையின் இரண்டு முனையிலும் டெர்மினேட்டர், அதாவது சிக்னல் முனையில் மோதித் திரும்பாமல் அடக்குகிற அடைப்பு, வேண்டும்; நடுவில் கூடாது. எல்லாம் சரியாக இருந்தும் சில நாள் ஓடாது. ஸ்கஸி ஓட ஆடு பலி கொடுக்கணும் என்று வெளிநாட்டுக் கம்ப்யூட்டர்காரர்கள் ஜோக் அடிப்பது வழக்கம். அதை அண்ணாச்சியிடம் நான் சொல்லவில்லை. பாண்டி கோயில் பக்கத்தில்தான் இருக்கிறது, கிடாயைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

கார்டின் அமைப்புகளுக்குள் போக, பூட் ஆகும்போது கன்ட்ரோலையும் ஏ-யையும் சேர்த்து அழுத்த வேண்டும். அதற்குக் கிடைப்பது சில விநாடிதான். அந்தக் கீபோர்டில் ஒரு எழுத்தும் மிச்சமில்லை, எல்லாம் தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. ஏ எங்கே என்று நான் தடவிக்கொண்டிருக்கும்போதே சமயம் கடந்துவிட்டது. ஆபரேட்டர் அக்கா தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவர். "யளனக-வுல மொதல் எழுத்து தம்பி, தள்ளுங்க" என்று பார்க்காமலே அழுத்திக் கொடுத்தார். தமிழ் டைப்ரைட்டரில் 'ய' இருக்கிற இடத்தில்தான் இங்கிலீஷ் ஏ.

உள்ளே போய் எந்தெந்த எண்ணில் என்னென்ன இருக்கிறது என்று தேடச் சொன்னேன். 1இல் ஸ்கேனர். 2இல் ஸ்கேனர். 3, 4, 6இலும் அதே ஸ்கேனர். அண்ணாச்சி முகத்தில் சந்தோஷம். ஒன்று வாங்கி ஐந்து வந்தால் யாருக்குத்தான் கசக்கும்? தாய்மாமன் எட்டிப் பார்த்துவிட்டு, "இத்தனை மெஷின் சும்மா நிக்குது, ஏதாவது ஒண்ணுல என் போட்டோவைப் போட வேண்டியதுதானே" என்று கேட்டார்.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஸ்கேனரைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன். எண் மாற்றுகிற சின்னச் சக்கரம் 7இல் நின்றது.

"ஏழுல யார் வச்சது?"

"நான்தான்" என்றார் அண்ணாச்சி பெருமையாக. "என் கூட்டு எண் ஏழு. வண்டி நம்பரைக் கூட்டு, ஏழு. கடை போன் நம்பரைக் கூட்டு, ஏழு. நியூமராலஜி பாத்துத்தான் எல்லாம்."

7 கார்டு தனக்கென்று வைத்துக்கொள்கிற எண். ஒரு சாதனத்தைக் கூப்பிடும்போது கார்டு தன் எண்ணுக்குரிய கம்பியையும், கூப்பிடப்படுபவரின் எண்ணுக்குரிய கம்பியையும் சேர்த்து உயர்த்தும். அதனால் யாரைக் கூப்பிட்டாலும் ஏழாம் கம்பி கூடவே எழும். வருகைப் பதிவேட்டில் எந்தப் பெயரை வாசித்தாலும் "உள்ளேன் ஐயா" என்று எழுந்து நிற்கிற பையன் மாதிரி, ஸ்கேனர் எல்லா அழைப்புக்கும் எழுந்து நின்றிருக்கிறது. காலி எண்களில் அது பரவாயில்லை. டிஸ்க்கைக் கூப்பிடும்போதும் எழுந்ததால்தான் விண்டோஸ் வரவில்லை.

கார்டின் எண்ணையே மாற்றவும் வழி உண்டு. ஆனால் ஒரே சமயத்தில் இரண்டு பேர் பேச வந்தால் பெரிய எண்ணுக்குத்தான் முதல் உரிமை. 7க்கு மேல் ஆள் கிடையாது. அந்த இடத்தில் கார்டு இருப்பதுதான் நல்லது என்று விளக்கினேன். விளக்கியிருக்க வேண்டாம்.

"அப்ப ஏழுதான் ஒசத்தின்னு ஒன் கம்ப்யூட்டரே சொல்லுது! நான் சொன்னா மட்டும் சிரிக்கிறீங்க."

நாலு போடலாமா என்றேன். நாலு ராகுவாம், வேண்டாம். டிஸ்க் சைபரில் இருப்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. "மொதலே சைபரா!" என்று நெஞ்சில் கை வைத்தார். தாய்மாமன் தன் பங்குக்கு ஒன்பது ராசி என்றார். ஒன்பது இந்தக் கார்டிலேயே இல்லை.

கடைசியில் அக்காதான் வழி கண்டார். ஜிப் டிரைவில் 5, 6 என்று இரண்டே எண்கள்தான் வைக்க முடியும். அது 5இல் இருந்தது. "ஸ்கேனருக்கு ரெண்டு வைங்க. டிஸ்க் சைபர், ஸ்கேனர் ரெண்டு, ஜிப் அஞ்சு. கூட்டுங்க அண்ணாச்சி." அண்ணாச்சி விரல் விட்டு எண்ணினார். அப்புறம் சக்கரத்தை அவரே திருப்பினார், கிழக்கே பார்த்து நின்றுகொண்டு.

இப்போது பட்டியலில் ஸ்கேனர் ஒன்றுதான். விண்டோஸ் வந்தது. ஆனால் போட்டோ பாதி ஏறியதும் நின்றது. மாமாவுக்கு மீசை வரைக்கும்தான் வந்திருந்தது.

மறுபடி கன்ட்ரோலும் 'ய'வும். சாதன அமைப்புத் திரையில் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பத்தி இருக்கும். சாதனத்திடம் முதலில் வேகம் பேசி முடிவு செய்யலாமா என்று ஒரு வரி. 2இன் கீழே அதை 'நோ' ஆக்கினேன். அதிக வேகத்தில் பேசத் தெரியாத பழைய ஸ்கேனரிடம் கார்டு பேரம் பேசப் போவதுதான் பல சமயம் தகராறு. டிஸ்க்குக்கும் ஜிப்புக்கும் 'எஸ்' அப்படியே இருக்கட்டும். அடுத்த வரி டிஸ்கனெக்ஷன். அதில் 'எஸ்' இருந்ததைப் பார்த்து அண்ணாச்சி பதறினார். ஸ்கேனர் மெதுவாக வேலை செய்யும் நேரத்தில் கம்பியை டிஸ்க்குக்கு விட்டுக்கொடுப்பதற்குத்தான் அது என்று சொல்லி, அவர் கையைக் கீபோர்டிலிருந்து விலக்கினேன். போகிற போக்கில், நடுவில் இருந்த ஸ்கேனரின் டெர்மினேட்டரைக் கழற்றி, கடைசியில் இருந்த ஜிப்பில் ஆன் செய்தேன். இந்த அமைப்புகள் கார்டிலேயே பதிந்துவிடும், விண்டோஸை எத்தனை முறை போட்டாலும் போகாது.

இந்த முறை மாமா சட்டைக் காலர் வரை முழுசாக வந்தார்.

300 ரூபாய் கேட்டேன். அண்ணாச்சி யோசித்து 250 கொடுத்து, "கூட்டிப் பாரு" என்றார். அடுத்த மாசம் சிடி ரைட்டர் வேறு வாங்குகிறாராம். அக்கா அதற்குள் பில் புக் பின்னால் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்: ஜிப் ஆறு, ரைட்டர் அஞ்சு, ஸ்கேனர் மூணு, டிஸ்க் ரெண்டு. பதினாறு. ஒண்ணும் ஆறும் ஏழு.

"டிஸ்க்க நகத்துனா, எந்த நம்பர்லருந்து கிளம்பணும்னு சொல்ற பூட் ஐடியையும் மாத்தணும் அக்கா. எல்லாத்தையும் மொதல்லருந்து செட் பண்ணணும்."

"அதுக்குத்தானே தம்பி இன்னொரு 250."