வாப்பாவின் கேசட்டில் பின்னால் கேட்ட சத்தம்

கொலோனுக்குப் போன முதல் ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்கு ஜன்னலைத் திறந்தேன். தெருவில் ஒரு சத்தமும் இல்லை. எங்கள் ஊர் பத்தமடையில் அந்நேரம் நாலு வீட்டில் பாய்த்தறி அடிபடும், மீன்காரர் குரல் கொடுப்பார், சேரன்மகாதேவி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போகும். ஜெர்மனியில் ஞாயிறு அமைதி நாள். காலி பாட்டிலைத் தெருவோரக் கண்ணாடித் தொட்டியில் போடுவதுகூடக் கூடாது. அது தெரியாமல் போட்டு, வழியில் போன ஒரு பெரியவரிடம் திட்டு வாங்கினேன். அவர் பேசியது புரியவில்லை, கோபம் மட்டும் புரிந்தது. அறைக்கு வந்து அழுதேன்.

மொழி வகுப்பு, வேலை, குளிர் எல்லாம் எல்லாருக்கும் உள்ளதுதான். என் வகுப்பில் படித்த ஒருவர் ஒருநாள் கொலோனின் எரன்ஃபெல்ட் பகுதியில் ஒரு நிலவறைக்குக் கூட்டிப்போனார். அன்றாடச் சத்தங்களைக் கேசட்டில் பதிந்து இசையாக்குகிறவர்கள் கூடும் இடம். மேசையில் நாலு பழைய கேசட் பிளேயர்கள். டிராம் பிரேக் போடும் கிறீச்சொலி, துணி துவைக்கும் மிஷின், யாரோ மாடியேறும் சத்தம். ஒரு பெண் ஓடும் நாடாவை விரலால் அழுத்திச் சத்தத்தை இழுபட வைத்தார். இருபது பேர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு அது அந்நியமாகப் படவில்லை. எங்கள் பக்கம் கொடை விழாவில் கணியான் கூத்து நடக்கும். உச்சம், மந்தம் என்று இரண்டு மகுடம், தோல் கட்டிய பறை. ஆட்டம் தொடங்குமுன் அதைத் தீயில் காட்டி, தோல் இறுகிவிட்டதா என்று தட்டித் தட்டிப் பார்ப்பார்கள். பாட்டைவிட அந்தத் தட்டலைக் கேட்கத்தான் சின்ன வயதில் வேலியோரம் நிற்பேன். அதே காதோடுதான் அந்த நிலவறையில் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் வாரம் தவறாமல் போனேன். அங்கேதான் ஜெர்மன் பேசவும் வந்தது. அந்த ஊருக்கும் இந்த வேலைக்கும் பழைய உறவு உண்டு. கொலோன் வானொலி நிலையத்தில் 1951-இலேயே மின்னணு இசைக்கூடம் தொடங்கினார்கள். ஒரு சிறுவனின் குரலை மின்னொலியோடு கலந்து இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசன் செய்த படைப்பு 1956-இல் அங்கே அரங்கேறியது. அதற்கும் முன்னால் பாரிஸில் வானொலிப் பொறியாளர் பியேர் ஷேஃபர் ரயில் சத்தங்களை இசைத்தட்டில் பதிந்து, அடுக்கி, 1948 அக்டோபரில் வானொலியில் ஒலிபரப்பினார். சத்தம் எதிலிருந்து வந்தது என்பதை மறந்துவிட்டுச் சத்தத்தை மட்டும் கேட்க வேண்டும் என்பது அவர் கொள்கை. நான் அதைப் பாதிதான் ஒப்புக்கொள்வேன். எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் எனக்கு மனசு ஆறாது.

வாப்பா 1988 முதல் பதினோரு வருடம் சவுதி அரேபியாவில், தம்மாமில் இருந்தார். கடிதத்தோடு கேசட்டும் வரும். ஊருக்கு வருகிற யாராவது கொண்டுவந்து தருவார்கள். "அஸ்ஸலாமு அலைக்கும்" என்று தொடங்கி மெதுவாகப் பேசுவார். அவர் குரலே அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். அவர் மௌத்தாகி ஒன்பது வருடம் ஆகிறது. போன விடுமுறையில் ஏழு கேசட்டுகளைத் துணியில் சுற்றி கொலோனுக்கு எடுத்துப்போனேன்.

அசலைத் தொடவில்லை, நகல் எடுத்துத்தான் வெட்டினேன். கேசட் நாடா வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும். 24 சென்டிமீட்டர் வெட்டி இரு முனையையும் ஒட்டினால் ஐந்து வினாடி ஒலி திரும்பத் திரும்ப வரும். "நான் நல்லா இருக்கேன்" என்பதற்கும் "பிள்ளையப் படிக்கச் சொல்லு" என்பதற்கும் நடுவே வாப்பா பேசாமல் இருந்த ஐந்து வினாடியை எடுத்தேன். நான் பேச்சைத்தான் எடுப்பேன் என்று நிலவறை நண்பர்கள் எதிர்பார்த்தார்கள். ஒலியைக் கூட்டிய பிறகு ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஏதோ ஒன்றின் ரீங்காரம், இரும்புக் கட்டில் அசையும் ஓசை. அதற்கு அடியில் மூச்சு, ஒருவருடையது இல்லை, பலருடையது.

இந்தத் தடவை ஊருக்கு வந்ததும் அதை உம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். தறியில் இருந்து எழுந்திருக்கவில்லை. கோரைத் தூசி படிந்த கையோடு ஹெட்போனைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"ஆறு பேரு ரூம்புல. மத்தவங்க தூங்குன பொறவுதான் டேப்புல பேசுதேன்னு லெட்டர்ல எழுதியிருந்தாவ. அதான் மெதுவாப் பேசுதாவ."

எனக்கு யாரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "இன்னும் கொஞ்சம் கூட்டுல" என்றார்.

"வாப்பா பேசுறதையா உம்மா?"

"இல்ல, பின்னால கேக்குதே, அதை."