இன்னும் முடிவு செய்யாத பிள்ளையை எதில் சேர்ப்பது?

பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் எங்கள் கடையில் நிற்க இடம் இருக்காது. பாளையங்கோட்டை முருகன்குறிச்சியில் ஜெராக்ஸ் கடை. மற்ற மாதங்களில் ஆதார் நகலும் பட்டா நகலும் எடுத்துக் கொடுத்துப் பிழைப்பு ஓடுகிறது. மே மாதம் மட்டும் கல்லூரி விண்ணப்பம். அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு இணையத்தில் போடும் விண்ணப்பத்துக்குக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக்கு 2 ரூபாய். பட்டியலினத்துப் பிள்ளைகளுக்கும் பழங்குடிப் பிள்ளைகளுக்கும் அந்த 2 ரூபாய் மட்டும். சான்றிதழ்களை ஸ்கேன் செய்து, அப்பாவின் கைபேசிக்கு வரும் ஓடிபிக்காகக் காத்திருந்து, புகைப்படத்தின் அளவைக் குறைத்து எல்லாம் முடித்தால் திரையில் அந்தக் கட்டம் வரும்: என்ன பாடம்? அதுவரை மளமளவென்று பதில் சொன்ன பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். அப்பா என் பக்கம் திரும்புவார். "அண்ணாச்சி, எதைப் போடலாம், நீங்களே சொல்லுங்கள்."

ஜெராக்ஸ் கடைக்காரனிடம் கேட்கிற கேள்வியா இது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஆனால் வேறு யாரிடம் கேட்பார்கள்? பள்ளிக்கூடம் மதிப்பெண் பட்டியலோடு கையைக் கழுவிவிட்டது. கல்லூரியோ சேர்ந்த பிறகுதான் பேசும்.

இந்த ஆண்டு இந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்தது. அக்காவின் மகள் நியூ ஜெர்சியில் இருக்கிறாள். அவளுடைய பெண் பள்ளி முடித்துவிட்டு அங்கே ஒரு சமுதாயக் கல்லூரியில் 'லிபரல் ஆர்ட்ஸ் அண்ட் சயின்சஸ்' என்ற படிப்பில் சேரப் போகிறாள். வீடியோ அழைப்பில் இதைக் கேட்டதும் அக்காவின் முகம் விழுந்துவிட்டது. நம் ஊரில் சமுதாயக் கல்லூரி என்றால் படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்குத் தையலோ நோயாளி பராமரிப்போ சொல்லிக் கொடுத்து ஓராண்டு டிப்ளமோ கொடுக்கும் இடம். நல்ல காரியம்தான். ஆனால் கடல் கடந்து போன பேத்திக்கு அக்கா போட்டிருந்த கணக்கு வேறு. "டாக்டருக்குப் படிக்க வேண்டாம், இன்ஜினியருக்குப் படிக்க வேண்டாம், ஒரு பாடத்தையாவது சொல்லக் கூடாதா? எதுவும் முடிவு செய்யவில்லையாம். அதற்கு ஒரு படிப்பாம்!" என்று அடுக்களையில் நின்றுகொண்டு என்னிடம் பொரிந்து தள்ளினாள்.

பேத்தி அந்தப் பாடத்திட்டத்தை எனக்கு அனுப்பி வைத்தாள். அச்சடித்து, பென்சிலும் கையுமாக உட்கார்ந்து படித்தேன். அக்காவுக்குப் புரிய வைப்பதற்காகத் தொடங்கியது, எனக்கே பெரிய பாடமாகிவிட்டது.

அது பட்டப்படிப்பின் முதல் பாதி. நான்கு ஆண்டுப் பட்டத்தில் முதல் இரண்டு ஆண்டை வீட்டுப் பக்கத்துக் கல்லூரியில் குறைந்த கட்டணத்தில் முடித்துக்கொண்டு, மீதி இரண்டை ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் படிக்கலாம். விடுதிச் செலவு மிச்சம். இரண்டாண்டு முடிவில் 'அசோசியேட்' என்று ஒரு பட்டமும் கிடைக்கும். மொத்தம் 60 கிரெடிட். கிரெடிட் என்பது பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு. ஒரு பாடத்துக்குப் பெரும்பாலும் 3 கிரெடிட் என்பதால் சுமார் இருபது பாடங்கள். இதில் கலைப் பக்கம், அறிவியல் பக்கம் என்று இரண்டு கிளைகள். நியூ ஜெர்சி கணக்கில், கலைப் பக்கம் போனால் 60-ல் 45 கிரெடிட் பொதுப்பாடங்களுக்கே போய்விடும். எழுத்தும் பேச்சும் 9, இலக்கியம், தத்துவம், கலை போன்றவை 9, வரலாறு 6, சமூக அறிவியல் 6, கணிதமும் அறிவியலும் தொழில்நுட்பமும் சேர்ந்து 12, பல பண்பாடுகளைப் பற்றிய பாடம் 3. அறிவியல் பக்கம் போனால் பொதுப்பாடம் 30 போதும். மீதியில் கணிதத்தையோ உயிரியலையோ வேதியியலையோ அழுத்தமாகப் படித்துக்கொள்ளலாம்.

இன்ன பாடம்தான் என்று முதல் நாளே எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. உளவியல் ஒன்று, பொருளாதாரம் ஒன்று, ஆய்வகத்தோடு அறிவியல் ஒன்று என்று தொட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லலாம். அங்கே அரசுப் பல்கலைக்கழகங்கள் இந்த இரண்டாண்டுப் பட்டத்தை முழுதாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று 2007-ல் சட்டமே போட்டிருக்கிறார்கள்.

இதை அக்காவிடம் விளக்கியபோது அவள் கேட்டது ஒன்றுதான்: "அப்படியானால் நம் பிள்ளைகளை மட்டும் ஏன் பதினேழு வயதிலேயே கழுத்தைப் பிடித்துக் கேட்கிறார்கள்?"

நியாயமான கேள்வி. நம் பட்டப்படிப்பு மூன்று ஆண்டு, ஆறு பருவம், 140 கிரெடிட். பகுதி ஒன்று தமிழ், இரண்டு ஆங்கிலம், மூன்றில் முதன்மைப் பாடமும் (மேஜர்) அதோடு சேர்த்துப் படிக்கும் துணைப்பாடமும் (அலைடு), நான்கில் சுற்றுச்சூழல் கல்வி, திறன் வளர்ப்புத் தாள்கள், வேறு துறையில் எடுக்கும் ஒரு விருப்பப்பாடம், ஐந்தில் நாட்டு நலப்பணித் திட்டமோ என்.சி.சி.யோ. காகிதத்தில் பார்த்தால் நம்முடையதும் பல துறைப் படிப்புதான். நடைமுறையில் முதன்மைப் பாடம்தான் எல்லாம். விருப்பப்பாடத்தைப் பல இடங்களில் துறையே தீர்மானித்துவிடும், பிள்ளைக்கு அதில் விருப்பம் கேட்பது பெயரளவுக்குத்தான். மிஞ்சுவது துணைப்பாடம். அதை யாரும் பார்ப்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன். களக்காட்டுப் பக்கம், அப்பாவுக்கு வாழைத்தார் வியாபாரம். அரசுப் பள்ளி, இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் படித்த பிள்ளை. அப்பா சட்டைப்பையிலிருந்து மண்டி ரசீது ஒன்றை எடுத்து நீட்டினார். பின்புறத்தில் யாரோ எழுதிக் கொடுத்த பாடப் பெயர்கள்: டேட்டா சயின்ஸ், செயற்கை நுண்ணறிவு, இன்னும் வாயில் நுழையாத இரண்டு. எல்லாம் தனியார் சுயநிதிக் கல்லூரிகள். பெண் ஒன்றும் பேசவில்லை. அப்பா தண்ணீர் குடிக்க வெளியே போன நேரம் பார்த்து, "மாமா, வவ்வாலைப் பற்றிப் படிக்க என்ன சேர வேண்டும்?" என்றாள். அவர்கள் தோப்பில் பழந்தின்னி வவ்வால்கள் வரும், அவை எந்தப் பக்கத்திலிருந்து வருகின்றன என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்றாள். அதுதான் ஆசையா என்று கேட்டால் அதுவும் உறுதியில்லை. வேதியியலும் பிடிக்குமாம். தமிழில் வேறு நல்ல மதிப்பெண்.

மூன்று கல்லூரிகளின் விலங்கியல் பாடத்திட்டத்தை எடுத்து, துணைப்பாடப் பக்கத்தை மட்டும் அச்சடித்து அவளிடம் கொடுத்தேன். ஒரே பெயருள்ள பட்டத்துக்குக் கூடத் துணைப்பாடம் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். விலங்கியலோடு வேதியியலைத் துணைப்பாடமாகப் படித்தவர்களை உயிர்வேதியியல் எம்.எஸ்சி.யில் சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகங்கள் உண்டு. வேதியியல் இல்லாவிட்டால் அந்தக் கதவு மூடிக்கொள்ளும். பதினேழு வயதில் தேர்ந்தெடுக்கும் ஒரு துணைப்பாடம் இருபது வயதில் வந்து வழிமறிக்கும் என்று அந்தப் பிள்ளைக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

அப்பா திரும்பி வந்ததும் அவருக்கும் சேர்த்துச் சொன்னேன். பட்டத்தின் பெயர் பழையதாக, சாதாரணமாக இருப்பது நல்லது. இயற்பியல், விலங்கியல், வரலாறு, பொருளாதாரம் என்றால் எங்கே போனாலும் புரியும். புதுப்புதுப் பெயர்களில் பட்டம் வாங்கினால், நாளைக்கு ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இது அதற்கு இணையான பட்டம்தானா என்று கேட்பார்கள். இணை என்று சொல்லும் அரசாணையைத் தேடி அலைய வேண்டும். குரூப் 1, குரூப் 2 தேர்வுகளில் பெரும்பாலான பதவிகளுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். அதற்குச் சுயநிதிப் பிரிவில் இவ்வளவு கட்டணம் கொட்ட வேண்டியதும் இல்லை. டேட்டா சயின்ஸ் கூடாது என்று நான் சொல்லவில்லை. கணிதம் பிடித்த பிள்ளை, சொல்லிக் கொடுக்க ஆள் இருக்கிற கல்லூரி என்றால் சேரட்டும். மண்டி ரசீதின் பின்புறத்தைப் பார்த்துச் சேர வேண்டாம்.

ஏதும் முடிவு செய்யாத பிள்ளைக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: அறிவியலில் துளி ஆசை இருந்தாலும் முதலில் அந்தப் பக்கம் போ. பிளஸ் டூவில் அறிவியல் படித்தவர் வரலாற்றுக்கோ தமிழுக்கோ வரலாம். வணிகவியல் படித்தவர் இயற்பியலுக்குப் போக முடியாது. பேத்தியின் கல்லூரியிலும் நிலைமை ஏறக்குறைய இதுதான். கலைப் பக்கத்தில் முதல் ஆண்டு எதை முன்னே எடுத்தாலும் பின்னே எடுத்தாலும் பெரிய நட்டம் இல்லை. உயிரியலோ வேதியியலோ வேண்டும் என்றால் ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் படி ஏற வேண்டும். முதல் பருவத்தைத் தவறவிட்டால் கணக்கு ஓராண்டு தள்ளிப் போகலாம். பிறகு முடிவு செய்யலாம் என்ற சலுகை அங்கேயும் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இல்லை. பல்கலைக்கழகம் 60 கிரெடிட்டையும் ஏற்றுக்கொள்ளும் என்பதும், நாம் கேட்கும் துறையிலேயே இடம் கொடுக்கும் என்பதும் ஒன்றல்ல. இதைப் பேத்திக்கு இரண்டு முறை எழுதியிருக்கிறேன். ஆலோசகரைப் போய்ப் பார்க்கிறேன் என்று பதில் வந்திருக்கிறது. பார்த்தாளா தெரியவில்லை.

கல்லூரிக்கு நமக்குப் பஞ்சமில்லை. 1878-ல் தோன்றிய தூய யோவான் கல்லூரியும் 1923-ல் தோன்றிய தூய சவேரியார் கல்லூரியும் பாளையங்கோட்டையிலேயே இருக்கின்றன. பெண்களுக்குச் சாராள் தக்கர் கல்லூரியும் ராணி அண்ணா அரசு மகளிர் கல்லூரியும். பேட்டையில் ம.தி.தா. இந்துக் கல்லூரி. தென்காசிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆழ்வார்குறிச்சியும் சுரண்டையும் கிட்டே. எல்லாம் அபிஷேகப்பட்டியில் இருக்கும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை. தன்னாட்சி பெற்ற கல்லூரிகள் பாடத்திட்டத்தைத் தாங்களே வகுத்துக்கொள்ளும் என்பதால் பல்கலைக்கழகத் தளத்தில் தேடாமல் அந்தந்தக் கல்லூரித் தளத்தில் தேடுங்கள்.

அரசு உதவி பெறும் கல்லூரிகளுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஒரே கல்லூரியில், ஒரே பாடத்தில், உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் இருக்கும். கட்டணம் மலைக்கும் மடுவுக்கும். எந்தப் பிரிவு என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள். வகுப்பு காலையா மதியமா என்றும் கேளுங்கள். மதிய வகுப்பு முடிந்து களக்காட்டுக்கோ திசையன்விளைக்கோ பஸ் பிடித்துப் போகும் பெண் வீடு சேர எத்தனை மணி ஆகும் என்பது பாடத்திட்டத்தில் இல்லை.

களக்காட்டுப் பெண் கடைசியில் விலங்கியலை முதலாவதாகவும் வேதியியலை இரண்டாவதாகவும் போட்டாள். மூன்றாவதாகத் தமிழ். பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மதிப்பெண்ணை வைத்துத் தனித் தரவரிசை. மற்றப் பாடங்களுக்கு மொழிகள் நீங்கலாக நான்கு பாடங்களின் 400 மதிப்பெண். இரண்டு பட்டியலிலும் அவள் பெயர் வரும். அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும் என்று சொன்ன பிறகுதான் அப்பாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. "வவ்வாலுக்கு எல்லாமா படிப்பு?" என்று மட்டும் கேட்டார்.

கலந்தாய்வுக்குப் போகிறவர்கள் அசல் சான்றிதழ்களோடு இரண்டு மூன்று செட் நகலும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குக் காலையில் கல்லூரி வாசலில் வரிசை நீளமாக இருக்கும். முதல் நாளே எடுத்துவிடுங்கள், எந்தக் கடையானாலும் சரி.