கால் உட்காரும் நாற்காலி

மலேசியாவில், பேராக் மாநிலத்தில், நாலு பக்கமும் செம்பனை சூழ்ந்த எங்கள் டவுனில் ஒரு பொது நீச்சல் குளம் இருக்கிறது. 25 மீட்டர், ஆறு பாதை, அவ்வளவுதான். ஒன்பது வருஷமாக அங்கே உயிர்காப்பாளர் வேலை பார்க்கிறேன். உயிரைக் காப்பாற்றியது ரெண்டே தடவை. மற்ற நேரமெல்லாம் ‘ஓடாதே, தள்ளாதே’ என்று தொண்டை கிழியக் கத்துவதுதான்.

போன வருஷம் ஒரு நாள், மூடும் நேரத்தில் சுற்றி வந்தபோது பெஞ்சில் ஒரு கால் இருந்தது. செயற்கைக் கால். பள்ளிக்கூட வெள்ளைச் சப்பாத்து, சாக்ஸ் எல்லாம் மாட்டி, கயிறுகூட அவிழ்க்காமல். குளத்தில் யாரும் இல்லை, யாரோ விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று எடுத்துக் கவுண்டருக்குப் பின்னால் வைத்துவிட்டேன். காலை மறந்துவிட்டு யார் வீட்டுக்குப் போவார்கள் என்று அப்போது தோன்றவில்லை, பாருங்கள். கொஞ்ச நேரத்தில் குளியலறைப் பக்கமிருந்து ஒரு குரல்: “அண்ணே, என் காலு எங்கண்ணே?”

இப்படித்தான் அந்தப் பையன் பழக்கமானான். 15 வயசு. அப்பா தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் டிராக்டர் ஓட்டுகிறார். டியூஷன் முடிந்து மோட்டாரில் வரும்போது லாரி இடித்துக் கால் போனது.

அதற்கப்புறம் அவன் வந்தாலே எனக்குப் பதற்றம். ஓரப் பாதையைக் காலி பண்ணிக் கொடுப்பேன், கம்பை நீட்டிக்கொண்டு கரையோடு கூடவே நடப்பேன். ஒரு வாரம் பொறுத்தவன் சொல்லிவிட்டான், “அண்ணே, தண்ணிக்குள்ள எனக்கு ஒண்ணும் ஆகாது. வெளியதான் வழுக்குது.” பெஞ்சிலிருந்து குளத்து விளிம்புக்கு எட்டடி, ஈரமான டைல்ஸ், அதை அவன் ஒற்றைக் காலில் தத்தித்தான் கடக்க வேண்டும். எனக்குச் சம்பளமே பாதுகாப்பைப் பார்க்கத்தான், ஆனால் நான் தண்ணீரை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவன் போனில் எப்போதும் ஓடுவது நத்தலி டு டோயிட்டின் வீடியோதான். தென்னாப்பிரிக்காக்காரர். 2001-இல், 17 வயதில், பயிற்சி முடிந்து ஸ்கூட்டரில் போகும்போது கார் மோதி இடது கால் போய்விட்டது. நடக்கப் பழகுவதற்கு முன்பே குளத்துக்குத் திரும்பிவிட்டார். மறு வருஷமே மான்செஸ்டர் காமன்வெல்த் போட்டியில், இரண்டு காலும் உள்ளவர்களோடு 800 மீட்டர் இறுதிச் சுற்றில் நீந்தினார். அப்புறம் ஏதென்ஸ், பெய்ஜிங், லண்டன் என்று மூன்று பாராலிம்பிக்கில் 13 தங்கம். ஆனால் இவனுக்குப் பிடித்தது அந்தத் தங்கம் எதுவும் இல்லை. 2008 பெய்ஜிங்கில், பாராலிம்பிக்கூட இல்லை, ஒலிம்பிக்கிலேயே, 10 கிலோமீட்டர் நீச்சலில் அவர் 16-ஆவதாக வந்தாரே, அதுதான். முதலில் வந்தவருக்கும் அவருக்கும் இடையே ஒன்றரை நிமிடம்கூட இல்லை.

“பதினாறாவதா வந்ததுல என்னடா இருக்கு?”

“நம்ம குளத்துல 400 தடவைண்ணே.”

கணக்குப் போட்டேன், சரிதான். இத்தனை வருஷத்தில் ஒரே மூச்சில் நான் 60-ஐத் தாண்டியதில்லை.

சொல்லிக்கொடுப்பதிலும் நான் சொதப்பினேன். ஒரு காலால் உதைக்கும்போது உடம்பு ஒரு பக்கமாகத் திரும்பும், அவன் போய்ப் போய்ப் பாதைக் கயிற்றில் உரசுவான். “இன்னும் பலமா உதைடா” என்றேன். பலமாக உதைத்தால் இன்னும் கோணலாகத்தான் போகும். கடைசியில் அந்த வீடியோக்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து அவனே காலை நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்து உதைக்கப் பழகிக்கொண்டான். சுவரில் திரும்பும்போது ஒற்றைப் பாதத்தால் நேராகத் தள்ளுவதற்கு மட்டும் ரெண்டு மாசம் ஆனது.

விளிம்பு வரைக்கும் கைப்பிடி வேண்டும் என்று மேலிடத்துக்கு மூன்று கடிதம் எழுதினேன். ‘கவனத்தில் கொள்ளப்பட்டது’ என்று ஒன்றுக்குப் பதில் வந்தது. சரி, அது வருகிறபோது வரட்டும் என்று ஸ்டோரில் கிடந்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்து, மூன்றாவது பாதைக்கு நேரே விளிம்பில் போட்டேன். நத்தலியும் காலைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் இறங்குவார், பாரா நீச்சலில் செயற்கைக் காலோடு நீந்த விடமாட்டார்கள். இப்போது இவனும் அந்த நாற்காலி வரை நடந்தே வருகிறான், உட்கார்ந்து கழற்றுகிறான், காலை அதிலேயே நிறுத்திவிட்டு அப்படியே தண்ணீருக்குள் நழுவிவிடுகிறான்.

ஒரே தொல்லை, சனிக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிவரும் ஆண்ட்டிகள் காலி நாற்காலி என்று அதில் கைப்பையை வைத்துவிடுகிறார்கள். நான் இங்கிருந்தே கத்துவேன்: “ஆண்ட்டி, அதுல வைக்காதீங்க, அது காலு உக்கார்ற நாற்காலி!”