பவர் கட் நாளில் ஆட்டோ, கால் டாக்ஸி ஓட்டுறவங்களுக்கு

சென்னையில பராமரிப்பு மின்தடை பெரும்பாலும் காலை 9 முதல் மதியம் 2 வரை. முந்தின ராத்திரியே போனை ஃபுல் சார்ஜ் போட்டுடுங்க. ஆட்டோவுல மாட்டுற 5 வாட் சார்ஜர் சும்மா பேருக்குத்தான். மேப்பும் டேட்டாவும் ஓடும்போது சார்ஜ் ஏறாது, இறங்கவே செய்யும். 18 வாட்டுக்குக் குறையாம வாங்குங்க. பேட்டரியிலேர்ந்து நேரா இழுக்காம, சாவி போட்டா மட்டும் கரண்ட் வர்ற லைன்ல, 5 ஆம்பியர் ஃபியூஸோட கொடுக்கச் சொல்லுங்க. இல்லேன்னா வண்டி நிக்கும்போதும் சார்ஜர் பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சும்.

பவர்பேங்க் அட்டையில 20,000 எம்ஏஎச்னு இருக்கும். 5,000 எம்ஏஎச் போனுக்கு நாலு தடவை வரும்னு தோணும், ஆனா வோல்டேஜ் மாறும்போது கொஞ்சம் வீணாகிறதால ரெண்டரை தடவை வந்தாலே பெரிசு.

டவர் பேக்கப் தீர்ந்தா சிக்னலும் போகும், ஆஃப்லைன் மேப் இறக்கி வைங்க. சிஎன்ஜி பங்க்ல கேஸ் ஏத்துற கம்ப்ரஸருக்கும் கரண்ட் வேணும். 9 மணிக்கு முன்னாடியே நிரப்பிடுங்க.