கணவர் பறித்துக்கொண்ட பாஸ்போர்ட்டை ‘தொலைந்தது’ என்று எழுதச் சொன்னார்கள்

கணவர் உங்கள் பாஸ்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டால், போலீஸ் ஸ்டேஷனில் யார் எவ்வளவு கரிசனமாகச் சொன்னாலும் ‘தொலைந்துவிட்டது’ என்று எழுதிக் கொடுக்காதீர்கள். பெங்களூரில் நான் போன இடமெல்லாம் அதைத்தான் எழுதச் சொன்னார்கள். எழுதியிருந்தால் என் பிரிட்டன் விசா கேஸ் அங்கேயே ஆட்டம் கண்டிருக்கும்.

என் கணவர் லண்டன் ஈஸ்ட் ஹாமில் வளர்ந்தவர், பிரிட்டிஷ் குடிமகன். ஸ்பௌஸ் விசாவில் போனேன். அடி, பூட்டி வைப்பது, சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது, எல்லாம் நடந்தது. பிறகு ‘ஊருக்குப் போய் அம்மாவைப் பார்த்துட்டு வரலாம்’ என்று பெங்களூருக்குக் கூட்டி வந்தார். மாமியார் வீட்டில் என் கைப்பையில் இருந்த பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு அவர் மட்டும் விமானம் ஏறிவிட்டார். அடுத்த நாள் வாட்ஸ்அப்பில் செய்தி: ‘ஸ்பான்ஸர்ஷிப்பை வாபஸ் வாங்கிட்டேன். இனிமே நீ இங்க வர முடியாது.’

இதை நம்பிக் கைகழுவிவிடும் பெண்கள் நிறைய. முன்பு அது ஏறக்குறைய உண்மையாகவும் இருந்தது. பிரிட்டனுக்குள் இருக்கும்போது கணவனின் கொடுமைக்கு ஆளானவர் நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்கலாம். ஊருக்குக் கூட்டி வந்து கைவிடப்பட்டவருக்கு வழியே இல்லை. அது சட்டவிரோதமான பாகுபாடு என்று 2022-இல் லண்டன் உயர் நீதிமன்றம் சொன்னது. 2024 ஜனவரி 31 முதல், இப்படி வெளிநாட்டில் விட்டுவிட்டுப் போகப்பட்ட மனைவி இங்கிருந்தே விண்ணப்பிக்கலாம். கிடைத்தால் நேராக ஐஎல்ஆர், அதாவது நிரந்தரமாகத் தங்கும் அனுமதி. கணவரின் கையெழுத்தோ சம்மதமோ வேண்டாம். ஆங்கிலத் தேர்வும் இல்லை.

இந்த வழி முக்கியமாக, கணவர் பிரிட்டிஷ் குடிமகனாகவோ அங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமை உள்ளவராகவோ இருந்து, நீங்கள் அவருடைய துணைவர் என்ற முறையில் விசா வாங்கிப் போனவர்களுக்குத்தான். பெங்களூரில் இருந்து ஐடி வேலைக்கு ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் போனவரின் டிபென்டன்ட் என்றால் இது பொருந்தாது. அப்படிப்பட்டவர்கள் பிரிட்டனுக்குள்ளேயே இருந்தால், 2024 பிப்ரவரியில் இருந்து மூன்று மாதத் தற்காலிகச் சலுகை ஒன்று கேட்கலாம். அதைக் கேட்டால் கையில் இருக்கும் டிபென்டன்ட் விசா போய்விடலாம் என்பதால், வக்கீலிடம் பேசாமல் அந்தப் படிவத்தில் கை வைக்காதீர்கள்.

சரி, ஸ்டேஷன் கதைக்கு வருகிறேன். ரைட்டர் நன்றாகத் தமிழ் பேசினார். “ஏம்மா, எஃப்ஐஆர்னு போனா கோர்ட்டு கேஸுன்னு அலையணும். ஈ-லாஸ்ட்ல தொலஞ்சு போச்சுன்னு போடு, அஞ்சு நிமிஷத்துல அக்னாலெட்ஜ்மென்ட் வந்துரும். அதை வச்சு புது பாஸ்போர்ட் எடுத்துக்கோ.” ஈ-லாஸ்ட் என்பது தொலைந்த பொருளை ஆன்லைனில் பதியும் கர்நாடகப் போலீஸ் வசதி. கெட்ட மனசில் சொல்லவில்லை. ஆனால் நான் பிரிட்டனுக்கு எழுதப் போகும் விண்ணப்பத்தின் உயிரே ‘அவர் பறித்துக்கொண்டு என்னைக் கைவிட்டார்’ என்பதுதான். என் கையெழுத்திட்ட ஒரு போலீஸ் காகிதம் ‘தொலைத்துவிட்டேன்’ என்று சொன்னால், இரண்டில் எது பொய் என்று அங்கே இருக்கும் அதிகாரி கேட்க மாட்டாரா?

நான் மறுத்ததும் பேச்சு மாறியது. மாமியார் வீடு வேறு லிமிட், அந்த ஸ்டேஷனுக்குப் போ என்றார். அங்கே போனால், நீ இருக்கிற இடத்தில் கொடு என்றார்கள். அம்மாவுக்கு முட்டி வலி. இரண்டு ஸ்டேஷன் படிகளையும் என்னோடு ஏறி இறங்கினார். இதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது, ஏனென்றால் சட்டத்தில் இந்த அலைச்சலுக்கு இடமே இல்லை. குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனும் ஜீரோ எஃப்ஐஆர் போட வேண்டும். புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 173-ஆவது பிரிவு அதைச் சொல்கிறது. கணவன் வீட்டை விட்டு வந்த பெண், தஞ்சம் புகுந்த ஊரிலேயே கொடுமைப் புகார் கொடுக்கலாம் என்று 2019-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

வழி திறந்தது இரண்டு இடங்களில். ஒன்று, இன்ஃபன்ட்ரி ரோடு கமிஷனர் ஆபீஸில் உள்ள வனிதா சஹாயவாணி என்ற பெண்கள் உதவி மையம். அங்கே இருந்த பெண்மணி முழுசாகக் கேட்டுவிட்டு ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். இன்னொன்று, சித்தையா ரோட்டில் உள்ள நியாய தேகுலாவில் இலவசச் சட்ட உதவி. பெண் என்றால் போதும், வருமானச் சான்றிதழ் கேட்கக் கூடாது. சட்ட உதவி எண் 15100-க்கு அழைத்தாலும் வழி சொல்வார்கள். அங்கே கிடைத்த வக்கீல், ‘எஃப்ஐஆர் போடாவிட்டால் இதே புகாரை டிசிபிக்குத் (துணை கமிஷனர்) தபாலில் அனுப்புவோம்’ என்று ஸ்டேஷனுக்கு எழுத்தில் கொடுத்தார். அன்றைக்கே எஃப்ஐஆர் ஆனது. நகல் இலவசம், வாங்காமல் வெளியே வராதீர்கள்.

பாஸ்போர்ட் கவுன்ட்டரில் மறுபடி அதே பாட்டு. “இதுல தொலஞ்சதுன்னு இல்லையே மேடம், கணவர்கிட்ட இருக்குன்னுதானே இருக்கு? அவர்கிட்ட வாங்கிட்டு வாங்க.” அவர் லண்டனில் இருக்கிறார் என்றேன். அப்படியென்றால் அவர் கடிதம் தர வேண்டும் என்றார். வேண்டியதில்லை. 2016 டிசம்பரில் வந்த மாற்றத்தின்படி, பிரிந்து வாழ்பவர் கணவர் பெயரைக்கூடக் கொடுக்க வேண்டாம். விவாகரத்துத் தீர்ப்பும் காட்ட வேண்டாம். பாஸ்போர்ட் யாருடைய சொத்தும் அல்ல, மத்திய அரசின் சொத்து. பாஸ்போர்ட் சட்டத்தின் 17-ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. இதையெல்லாம் ஒரு பக்கக் கடிதமாக எழுதி எஃப்ஐஆரோடு இணைத்து, உள்ளே இருக்கும் அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்று நின்றேன். அந்த அதிகாரி படித்தார், ஒரே ஒரு கேள்வி கேட்டார், கையெழுத்துப் போட்டார். புது பாஸ்போர்ட் வந்தால் பழையது ரத்தாகிவிடும். கணவர் பீரோவில் பூட்டி வைத்திருப்பது இனி வெறும் தாள்.

இ-விசாவில் ஒரு கண்ணி இருக்கிறது. பிரிட்டனில் தங்கும் அனுமதிக்கான பிளாஸ்டிக் பிஆர்பி அட்டைகள் போய் எல்லாம் ஆன்லைன் கணக்காகிவிட்டது. என் கணக்கைத் திறந்தவர் கணவர், அவர் மெயில், அவர் போன். நீங்கள் இங்கே லாகின் செய்தால் கோட் அவர் போனுக்குப் போகும். நீங்கள் ஏதோ செய்கிறீர்கள் என்று தெரிந்துவிடும். அதைத் தொடாதீர்கள். அவருக்குத் தெரியாத புது மெயில், புது நம்பர் எடுத்து, கணக்கை மீட்பதை சொலிசிட்டரிடம், அதாவது பிரிட்டன் வக்கீலிடம், விடுங்கள். எனக்கு சொலிசிட்டர் கிடைத்தது சவுத்ஹால் பிளாக் சிஸ்டர்ஸ் அமைப்புக்கு மெயில் எழுதியதால். கைவிடப்பட்ட மனைவிகளுக்காகப் பல வருடம் போராடியவர்கள் அவர்கள்.

ஆதாரத்துக்கு அந்த வாட்ஸ்அப் செய்தி, நம்பரும் தேதியும் தெரியும்படி. அதைவிடக் கனமானது ஈஸ்ட் ஹாம் ஜிபி சர்ஜரியின், அதாவது அங்கே நான் காட்டிய டாக்டர் கிளினிக்கின், பதிவு. நம் மருத்துவப் பதிவை நாமே கேட்கலாம், காசு கிடையாது, பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். மெயிலில் கேட்டேன், அனுப்பினார்கள். தலைவலி என்று சொல்லிப் போயிருந்த ஒரு நாளில் நர்ஸ் என் முழங்கையைப் பார்த்துவிட்டு, ‘இடது கையில் காயம், கணவர் பிடித்துத் தள்ளியதாகச் சொல்கிறார்’ என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தார். அவர் எழுதியது எனக்கு அதுவரை தெரியாது. அந்த வரியைப் படித்துவிட்டு அழுதேன்.

எஃப்ஐஆர் கன்னடத்தில் இருந்ததால் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டியிருந்தது. முதலில் செய்து கொடுத்தவர் சீல் மட்டும் குத்திக் கொடுத்தார். சொலிசிட்டர் திருப்பி அனுப்பிவிட்டார். சரியான மொழிபெயர்ப்பு என்ற உறுதிமொழி, தேதி, மொழிபெயர்த்தவரின் முழுப் பெயர், கையெழுத்து, தொடர்பு விவரம், இத்தனையும் இருக்க வேண்டும். காசு கொடுக்கும் முன் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கைரேகை, போட்டோ எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தது. விசா வந்துவிட்டது.

இங்கே குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் போட்ட மனு நடந்துகொண்டிருக்கிறது. நகைகளும் ஜீவனாம்சமும் அதில்தான். நான் லண்டன் போனாலும் அது நிற்காது, வக்கீல் பார்த்துக்கொள்வார். அதற்கான பவர் பத்திரத்தை ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள். அங்கே போன பிறகு என்றால் இந்தியத் தூதரகத்தில் அப்பாயின்ட்மென்ட் வாங்கிக் காத்திருக்க வேண்டிவரும்.