காய் முற்றும் முன்

ஜூன் 19
ஆற்றங்கரை நெடுக இமயமலைக் காசித்தும்பை இடுப்பளவு உயர்ந்துவிட்டது.

ஜூலை 6
முதல் பூ. காஷ்மீர் முதல் உத்தராகண்ட் வரையிலான மலைச்சரிவுகளுக்கு உரிய இச்செடி, 1839-இல் லண்டனின் கியூ தாவரவியல் பூங்காவை அடைந்து, தோட்டங்களில் கொண்டாடப்பட்டு, 1855-க்குள் வேலி தாண்டி இங்கிலாந்தின் வெளிகளில் தானாகவே வளரத் தொடங்கிவிட்டது. கொண்டுவந்தவர்கள் அதன் காயை உற்று நோக்கினார்களா என்ற கேள்வி என்னை விடுவதாயில்லை.

ஜூலை 7
மழை. ஆற்று வளைவுக்கு மேலுள்ள நிலத்திலும் இச்செடியைப் பிடுங்க அனுமதி கேட்டிருந்தோம். அதன் உரிமையாளரிடமிருந்து பதில் இல்லை.

ஜூலை 20
வேர் ஆழமற்றது என்பதால் பிடுங்குவது எளிது. அறுப்பதானால் அடிக்கணுவுக்குக் கீழே அறுக்க வேண்டும். இல்லையேல் மீண்டும் துளிர்த்துப் பூத்துவிடும். பூவுக்குள் பம்பிள் தேனீக்கள் முழு உடலோடு புகுந்து வெளிவருவதைக் கண்டு சற்று நேரம் கையோடவில்லை. ஆனால் இந்தத் தேனின் மிகுதியே அவற்றை அருகிலுள்ள, இந்த மண்ணுக்கே உரிய பூக்களிடமிருந்து ஈர்த்துவிடுகிறது.

ஆகஸ்ட் 3
காய்கள் பருத்துவிட்டன. முற்றிய காயின் சுவர்களில் இழுவிசை தேங்கி நிற்கும். விரலோ மழைத்துளியோ பட்டால் போதும், அவை நொடியில் சுருண்டு விதைகளை ஏழு மீட்டர் வரை வீசிவிடும். ஒரு செடியே ஏறத்தாழ 800 விதைகள் தரவல்லது. நீரில் விழுந்தவற்றை ஆறு கொண்டுசெல்லும் என்பதால், வளைவுக்கு மேலே பூத்து நிற்கும் அந்தக் கூட்டம் அழியாதவரை இங்கே நாங்கள் பிடுங்கியதெல்லாம் அடுத்த வசந்தத்தில் திரும்பி முளைக்கும்.

ஆகஸ்ட் 4
பதில் இல்லை.

ஆகஸ்ட் 11
பிறந்த மலையில் இதற்குப் பூச்சிகளும் பூஞ்சைகளும் கடிவாளமிட்டிருக்கின்றன. இங்கே அவை இல்லை. அங்கிருந்து கொணர்ந்த துருநோய்ப் பூஞ்சை ஒன்றை, நீண்ட சோதனைக்குப் பின் 2014-இல் இங்கிலாந்தில் வெளியில் விட்டார்கள். அது எல்லாக் கரைகளிலும் வேரூன்றட்டும் என்று மனமார விரும்புகிறேன். பனிக்காலத்தில் இச்செடி மொத்தமாக மடிந்துபோக, பிற செடிகளை அது முன்பே நெருக்கி ஒழித்துவிட்ட கரை வெறும் மண்ணாக வெள்ளத்திற்குக் காத்திருப்பதைச் சென்ற ஆண்டு பார்த்தேன்.

ஆகஸ்ட் 16
இரவு முழுதும் மழை. துளி ஒவ்வொன்றும் எந்தக் காயில் விழுகிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 17
உரிமையாளர் இசைந்துவிட்டார். நாளைக் காலையே போகிறோம். முற்றிய காய்களுள்ள தலைகளை முதலில் பையால் மூடிக் கட்டிவிட்டு, பிறகுதான் பிடுங்க வேண்டும்.