வெங்காயம் உரித்த நேரம்

சென்ற மாதம் நீரிழிவு நோயாளிகளுக்கான வினாப்பட்டியல் ஒன்றை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கம் செய்துகொண்டிருந்தேன். பாத நரம்புகள் பாதிக்கப்பட்டிருக்கின்றனவா என்று கண்டறிவதற்கான கேள்விகள் அவை. மொத்தமே இரண்டு பக்கம்தான். மதியச் சாப்பாட்டுக்கு முன் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்த வேலை, நான்காவது கேள்வியில் வந்து நின்றுவிட்டது. காலில் 'டிங்ளிங்' உண்டா என்று கேட்கிறது அந்தக் கேள்வி. 'கூச்ச உணர்வு' என்கிறது அகராதி. கூச்சம் என்பது நம் ஊரில் புதியவர்கள் முன்னால் வருவது, அல்லது விலாவில் விரல் பட்டால் வருவது. காலில் கூச்சம் உண்டா என்று எழுபது வயதுக்காரர் ஒருவரிடம் கேட்டால், அவர் கேட்டவரைத்தான் ஏற இறங்கப் பார்ப்பார். 'ஊசி குத்துவது போல' என்று எழுதலாம் என்றால், ஆறாவது கேள்வி குத்தல் வலியைத் தனியாகக் கேட்கிறது. இரண்டும் ஒன்றாகிவிட்டால் நோயாளி ஒரே தொல்லைக்கு இரண்டு முறை 'ஆம்' என்று குறிப்பார். படிவத்தின் மதிப்பெண்ணே பிசகிவிடும்.

அன்று காலை நான் அந்தச் சொல்லைத் தேடினேன் என்று சொல்வதே மிகை. தேடத் தொடங்கும்போதெல்லாம் ஏதாவது ஒன்று வந்தது. வேறொரு கோப்பு எப்போது கிடைக்கும் என்று திட்ட மேலாளர் கேட்டார். உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்காகத் தொடங்கிய வாட்ஸ்அப் குழுவில், கல்யாணம் முடிந்து நான்கு மாதம் ஆன பிறகும், யாரோ காலை வணக்கம் வைத்தார்கள். கூரியர்காரர் வழி கேட்டார். யாருமே அழைக்காத நேரத்தில் நானே போய்க் கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன். இந்தக் கடைசிக் குற்றத்தைத்தான் ஒப்புக்கொள்ள மனம் வருவதில்லை. அமெரிக்காவில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தைச் சேர்ந்த குளோரியா மார்க், அலுவலகப் பணியாளர்களின் கவனத்தை இருபது ஆண்டுகளாக அளந்துவருபவர். ஒருவர் ஒரு திரையில் தொடர்ந்து கவனம் வைத்திருக்கும் நேரம் 2004இல் சராசரியாக இரண்டரை நிமிடமாக இருந்ததாகவும், அண்மை ஆண்டுகளில் அது ஏறத்தாழ 47 நொடியாகச் சுருங்கிவிட்டதாகவும் அவர் கணக்கிட்டிருக்கிறார். இடையூறுகளில் கிட்டத்தட்டப் பாதியை நாமே நமக்குச் செய்துகொள்கிறோம் என்பதும் அவருடைய ஆய்வுகளில் தெரியவந்ததுதான். மேலாளரைத் திட்டுவதில் எனக்கிருந்த உற்சாகம் இதைப் படித்தபின் பாதியாகக் குறைந்துவிட்டது.

இடையூறு முடிந்தவுடன் வேலைக்குத் திரும்பிவிட்டோம் என்று நினைப்பதும் ஓர் ஏமாற்றுத்தான். ஒரு வேலையை முடிக்காமல் பாதியில் விட்டு அடுத்ததற்குத் தாவும்போது, முந்தைய வேலையின் ஒரு பகுதி மனத்தில் ஒட்டிக்கொண்டே வருகிறது என்று மேலாண்மை ஆய்வாளர் சோஃபி லெராய் 2009இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். அப்படித் தாவியவர்கள் இரண்டாவது வேலையையும் சரியாகச் செய்யவில்லை. கவன எச்சம் என்று அதைத் தமிழில் சொல்லலாம். இட்லித் தட்டைக் கழுவாமல் அடுத்த ஈட்டுக்கு மாவு ஊற்றுவது போலத்தான். ஊற்றலாம், ஆனால் எடுக்கும்போது தெரியும்.

பத்தரை மணிக்கு ஒரு முடிவுக்கு வந்தேன். கைப்பேசியை அணைத்து, சமையலறையில் அரிசி டின்னுக்குள் வைத்து மூடினேன். பக்கத்து அறையில் வைத்தால் போதாது என்பது அனுபவம். அடுத்த ஒன்றரை மணி நேரம் அந்த ஒரு சொல்லோடு மட்டும் இருந்தேன். தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன்: சிலிர்ப்பு, குறுகுறுப்பு, சுருக்சுருக்கென்று, மதமதப்பு, மரத்துப்போதல். ஒவ்வொன்றையும் யார் எப்போது சொல்வார்கள் என்று யோசித்து அடித்தேன். சிலிர்ப்பு குளிருக்கும் பக்திக்கும் போய்விடுகிறது. மதமதப்பும் மரத்துப்போவதும் உணர்வு குறைவதைச் சொல்லுமே தவிர, இல்லாத ஒன்று இருப்பதுபோல் தோன்றுவதைச் சொல்லாது. பன்னிரண்டு மணிக்குத் தாள் முழுக்க அடித்தல்கள்; சொல் மட்டும் இல்லை. வீட்டில் சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரித்து வைக்கச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். தோற்றவன் எழுந்துபோவது போல எழுந்துபோனேன்.

சின்ன வெங்காயம் உரிப்பவனுக்குக் கை முழுக்க வேலை, மூளைக்கு மட்டும் வேலை இல்லை. தண்ணீரில் ஊறிய வெங்காயத்தின் நுனியைக் கிள்ளித் தோலை ஒருபக்கமாக இழுக்க வேண்டும். சிலது ஒரே இழுப்பில் சட்டை கழற்றுவது போல வந்துவிடும், சிலது நகத்தோடு சண்டை போடும். பத்து பன்னிரண்டு உரித்திருப்பேன். கண் எரிந்து, முழங்கையால் துடைத்துக்கொண்டு, இமைகளை இறுக மூடினேன். அப்போது அப்பத்தாவின் குரல் கேட்டது. திண்ணையில் வெகுநேரம் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டு எழுந்திருக்க முடியாமல், "ஏய்யா, காலுல எறும்பு ஊறுற மாதிரி இருக்குய்யா, கொஞ்சம் அமுக்கிவிடு" என்று கேட்பாள்.

எறும்பு ஊறுவது போல! எந்தக் கிராமத்துப் பெரியவருக்கும் விளக்கம் தேவைப்படாத, ஆறாவது கேள்வியோடு முட்டிக்கொள்ளாத தொடர். ஈரக் கையோடு ஓடிப்போய் எழுதினேன்; அந்தத் தாளில் இன்னும் வெங்காய வாசம் இருக்கிறது.

இதில் மாயம் எதுவும் இல்லை. நாம் எதுவும் செய்யாமல் இருக்கும்போது மூளை ஓய்வெடுக்கிறது என்பது பழைய எண்ணம். உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதமே உள்ள மூளை, உடலின் ஆற்றலில் சுமார் 20 சதவீதத்தைச் செலவிடுகிறது. கடினமான கணக்கு ஒன்றைக் கொடுத்தாலும் அந்தச் செலவு சொற்பமாகவே கூடுகிறது. அப்படியானால் மற்ற நேரமெல்லாம் அது என்னதான் செய்துகொண்டிருக்கிறது? செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மார்கஸ் ரெய்க்லும் அவருடைய சகாக்களும், வெளி வேலை கொடுத்தவுடன் சுணங்கி, வேலையை எடுத்தவுடன் மீண்டும் சுறுசுறுப்பாகும் மூளைப் பகுதிகளைக் கவனித்து 2001இல் எழுதினார்கள். பழைய நினைவுகளைக் கிளறுவதும், நடக்காததைக் கற்பனை செய்வதும், தன்னைப் பற்றி நினைப்பதும் அந்தப் பகுதிகளோடு தொடர்புள்ளவை. அப்பத்தாவின் திண்ணை இருந்தது அந்தப் பக்கத்தில்தான். நான் ஒன்றரை மணி நேரம் வேறு கதவைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

கண்ணை மூடியதற்கும் ஒரு சுவையான ஒப்புமை உண்டு. அமெரிக்க மூளை ஆய்வாளர்களான மார்க் பீமனும் ஜான் குனியோஸும் சொற்புதிர்களைக் கொடுத்து, விடை தேடுகிறவர்களின் மூளை இயக்கத்தைப் பதிவுசெய்தார்கள். நம் மொழியில் சொன்னால் 'மழை, கண், குடி' ஆகிய மூன்றோடும் சேரும் ஒரு சொல் எது என்பது மாதிரியான புதிர்கள். விடை பளிச்சென்று தோன்றுவதற்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு நொடி முன்னால், வலது காதுக்கு மேலுள்ள பகுதியில் வேகமான மின் அலைகள் எழுவதை 2004இல் அவர்கள் அறிவித்தார்கள். அதற்குச் சற்று முன்பு, பார்வைக்குரிய பின்பகுதியில் மெதுவான ஆல்ஃபா அலைகள் கூடியிருந்தன. வெளியிலிருந்து வருவதை மூளை ஒரு கணம் மட்டுப்படுத்திக்கொண்டதாக அதற்குப் பொருள் சொன்னார்கள். (நீர்தான் விடை, நீங்கள் அதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள்.) இதை வைத்துக்கொண்டு 'வலது மூளையைத் தட்டி எழுப்புங்கள்' என்று வகுப்பு நடத்துகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. படைப்புத் திறனை மூளையின் ஒரு பாதிக்குப் பட்டா எழுதிக்கொடுக்க முடியாது. கவனத்தைக் கட்டுப்படுத்தும் பகுதிகளும் அலைந்து திரியும் பகுதிகளும் சேர்ந்து இயங்கும்போதுதான் புதியவை தோன்றுகின்றன என்பதே பின்னாளைய ஆய்வுகள் காட்டுவது.

கணித மேதை ஆன்ரி பாயின்கரே 1908இல் பாரிஸில் பேசியபோது சொன்னது, இந்த விஷயத்தில் எனக்கு எல்லா மூளை ஸ்கேன் படங்களையும்விடப் பெரிதாகத் தோன்றுகிறது. பதினைந்து நாள் நாற்காலியில் உட்கார்ந்து போராடியதையும், பின்பு புவியியல் சுற்றுலா ஒன்றுக்குப் போனபோது கூத்தான்ஸ் என்னும் ஊரில் வண்டியின் படியில் கால் வைத்த அதே கணத்தில், வேறெதையோ நினைத்துக்கொண்டிருந்தபோது, அந்த ஆய்வின் அடுத்த திறவுகோல் தோன்றியதையும் விவரித்தார். வண்டிப்படியைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். தன்னை அறியாமல் மனம் செய்யும் வேலைக்கு, அறிந்தே செய்த உழைப்பு முன்னாலும் இருக்க வேண்டும், பின்னாலும் இருக்க வேண்டும் என்று அவர் அடுத்துச் சொன்னதை விட்டுவிடுகிறார்கள். அடித்தல்கள் நிறைந்த அந்தத் தாள் இல்லாமல் நான் கிலோக்கணக்கில் வெங்காயம் உரித்திருந்தாலும், சாம்பார் மட்டுமே கிடைத்திருக்கும்.

ஆகவே கைப்பேசி கவனத்தைக் கெடுக்கிறது என்று சொல்வது என்னைப் பொறுத்தவரை பாதிப் புகார்தான். கவனம் கெட்டது நமக்கு உடனே தெரிகிறது. வேலை தள்ளிப்போகிறது, கெடு தவறுகிறது. பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் பத்து நிமிடமும், பால் பொங்கும்வரை அடுப்பருகே நிற்கும் நேரமும் கைவிட்டுப் போனதற்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை. அந்த நேரங்களை இப்போது குறுங்காணொளிகள் நிரப்புகின்றன. முன்பெல்லாம் மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் ஒன்றரை மணி நேரத்தில், ஜன்னலோரம் உட்கார்ந்தே எத்தனையோ வாக்கியங்களைச் சரிசெய்திருக்கிறேன். இப்போது காதில் ஒலிக்கருவியோடு ஏறி, எதையோ கேட்டுக்கொண்டே இறங்குகிறேன்.

மதியம் போடும் கோழித் தூக்கத்துக்கும் ஒரு சாட்சி கிடைத்திருக்கிறது. பாரிஸில் தூக்க ஆய்வாளர் செலியா லக்கோவின் குழு 2021இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கணக்கில் ஒளிந்திருந்த குறுக்குவழியை, இடைவேளையில் விழித்தே இருந்தவர்களில் 30 சதவீதத்தினரும், தூக்கத்தின் முதல் படியில் குறைந்தது பதினைந்து நொடி இருந்தவர்களில் 83 சதவீதத்தினரும் கண்டுபிடித்தார்கள். அதைத் தாண்டி ஆழ்ந்து தூங்கியவர்களுக்கு அந்த ஆதாயம் போய்விட்டது. நான் மூன்றாவது கூட்டத்தைச் சேர்ந்தவன் என்பதை என் குறட்டை அறிந்தவர்கள் சொல்வார்கள்.

வினாப்பட்டியலை அன்று மாலையே அனுப்பிவிட்டேன். வேலை கொடுத்த நிறுவனம் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எவ்வளவு நேரம் ஆனது என்பதை மென்பொருள் வழியாகக் கணக்கெடுக்கும். வாரக் கடைசியில் வந்த அறிக்கையில், நான்காவது கேள்விக்கு நேராகத் தட்டச்சு செய்த நேரம் ஒரு நிமிடத்துக்கும் குறைவு என்று இருந்தது. நான் தாளோடு உட்கார்ந்திருந்ததும் வெங்காயம் உரித்ததும் சேர்த்து, அதற்குப் பக்கத்துக் கட்டத்தில் சிவப்பு எழுத்தில் 'செயலற்ற நேரம்' என்று குறித்திருந்தார்கள்.